251-வது நாள் கூலி

கல்லூரியில் முதலாண்டு. பாடம் நடந்துகொண்டிருந்தபோதே அலுவலக ஊழியர் ஒருவர் உள்ளே வந்தார். "எஸ்.சி. ஸ்காலர்ஷிப் வாங்குற பிள்ளைங்கெல்லாம் எந்திரிங்க." ஆறு பேர் எழுந்தோம். அதுவரை என் டிபன் பாக்சில் கைவைத்துச் சாப்பிட்டவள் மறுநாள் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டாள். அந்த நேரம் அம்மா கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் நின்றிருப்பார். விடியுமுன் ஜீப்பேறி, இருட்டியபின் திரும்புகிற வேலை.

இன்று ஆய்வு மாணவியான என்னிடம், "சாதி பார்த்துப் பணம் கொடுப்பது சமத்துவமா?" என்று கேட்கிறார்கள். கூடவே அமெரிக்காவைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். 2023 ஜூன் 29 அன்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட், வட கரோலினா வழக்குகளில் இனம் பார்த்து மாணவர் சேர்ப்பதைத் தடுத்தது. தீர்ப்பு சேர்க்கையைப் பற்றித்தான். ஆனால் அன்றைக்கே மிசௌரியில் கறுப்பின மாணவர் உதவித்தொகை மீது கை வைத்துவிட்டார்கள். அதற்கும் முன்பே, 1994இல், மேரிலாந்து அரசுப் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களுக்குத் தந்துவந்த பெஞ்சமின் பானெக்கர் உதவித்தொகை நீதிமன்றத்தில் வீழ்ந்தது. ஒருகாலத்தில் கறுப்பர்களை உள்ளேயே விடாத பல்கலைக்கழகம் அது. பழைய அநீதியின் விளைவு இன்றும் தொடர்வதற்குப் போதிய ஆதாரமில்லை என்றது நீதிமன்றம்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள நமக்கு அமெரிக்கா தேவையில்லை தோழர்களே. சென்னையே போதும்.

கம்யூனல் ஜி.ஓ. 14 இடங்களை இப்படிப் பிரித்தது: பார்ப்பனரல்லாத இந்துக்கள் 6, பிற்பட்ட இந்துக்கள் 2, பார்ப்பனர் 2, தீண்டப்படாதோர் 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் 1, முஸ்லிம்கள் 1. மக்கள்தொகையில் சுமார் 3 விழுக்காடாக இருந்தவர்களுக்கு ஏழில் ஒரு பங்கு! அதுவும் போதாதென்று செண்பகம் துரைராஜன் வழக்குப் போட்டார். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகக்கூட அவர் மனுவில் சொல்லவில்லை. விசாரித்தேன், இடம் கிடைக்காதெனத் தெரிந்தது என்றார், அவ்வளவுதான். கூடவே நடந்த சீனிவாசன் வழக்கில் வாதாடியவர் அரசமைப்பு வரைவுக் குழுவிலேயே இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். 1951 ஏப்ரல் 9 அன்று ஏழு நீதிபதிகள் ஆணையைச் செல்லாதென்றார்கள். அடிப்படை உரிமை மேலே, நலிந்தோர் கல்வியை அரசு பேண வேண்டுமென்ற 46ஆம் பிரிவு கீழே என்பது அவர்கள் கணக்கு. தமிழகம் கொதித்தது, பெரியார் தெருவுக்கு வந்தார், அதே ஜூனில் அரசமைப்பு திருத்தப்பட்டு 15(4) வந்தது. நான் எழுந்து நின்ற அந்த வகுப்பறைக்குச் சட்டப்படி வழிவிட்டது அந்த உட்பிரிவுதான்.

சரி, 15(4) இருக்கிறதே, இனி என்ன பயம்? வழக்கே போடாமல் ஒன்றைச் சாகடிக்க முடியும் என்பதுதான் பயம்.

பட்டியல் சாதி மாணவருக்கான ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 2013இல் வைத்த கோடு அது. தோட்டத்துக்குப் போகும் கணவனும் மனைவியும் ஆளுக்கு 500 ரூபாய் கூலி வாங்கி ஆண்டுக்கு 250 நாள் உழைத்தால் சரியாக 2.5 லட்சம். 251-வது நாள் ஜீப்பேறினால் அவர்கள் பிள்ளை வசதியானவள் ஆகிவிடுகிறாள். உயர்சாதி ஏழைக்கு எவ்வளவு? எட்டு லட்சம். 2022 நவம்பர் 7 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் அந்த 10 விழுக்காட்டை ஏற்றது. பட்டியல் சாதி ஏழைக்கு அதில் இடமில்லை.

அது இடஒதுக்கீடு, இது பணம், இரண்டையும் ஒப்பிடலாமா என்று சட்டம் படித்த நண்பர் கேட்டார். ஒப்பிடத்தான் செய்வேன். ஏழை யார் என்று வரையறுப்பது ஒரே அரசுதானே? எட்டு லட்சம் வரை ஒருவர் ஏழையென்றால், ஏலக்காய் பறிக்கும் கை எப்படி 2.5 லட்சத்தில் பணக்காரக் கையாகிறது? தொகை தாமதமாவதால் கல்லூரிகள் ஹால் டிக்கெட்டைப் பிடித்துவைக்கும் கதை தனி. எனக்கும் நடந்தது. அம்மா கம்மலை அடகு வைத்தார்.

என் சித்தி மகள் இந்த ஆண்டு நர்சிங் சேர்கிறாள். வருமானச் சான்று எழுதப் போனபோது, போன வருசம் எத்தனை நாள் வேலைக்குப் போனீங்க என்று சித்தியிடம் கேட்டார்கள். சித்தி விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.