எக்ஸிகியூட்டிவ் ஆர்டர்: அதிபர் கையெழுத்து போட்டா அது சட்டமா?

அமெரிக்க அதிபர் கையெழுத்து போட்டு, ஃபைலைத் திருப்பி கேமராவுக்குக் காட்டுகிறார். உடனே நம்ம ஊர் செய்திகளில் ‘ட்ரம்ப் போட்ட புதிய சட்டம்’ என்று ஓடுகிறது. சிக்கலே அங்கேதான். அது சட்டம் இல்லை.

எக்ஸிகியூட்டிவ் ஆர்டர், அதாவது நிர்வாக ஆணை என்பது, தனக்குக் கீழே இயங்கும் அரசுத் துறைகளுக்கு அதிபர் போடும் எழுத்துப்பூர்வ உத்தரவு. அரசியல் சாசனமோ, ஏற்கெனவே உள்ள சட்டமோ அவருக்குக் கொடுத்த அதிகாரத்துக்குள்தான் அது செல்லும். புதிய சட்டம் இயற்றுவதும் நிதி ஒதுக்குவதும் நாடாளுமன்றத்தின் வேலை. அடுத்து வரும் அதிபர் இன்னொரு கையெழுத்தில் அந்த ஆணையை ரத்து செய்துவிடலாம்.

அப்போ நம்ம ஊர் அவசரச் சட்டம் மாதிரியா? அதுவும் இல்லை. 123-வது பிரிவின் கீழ் குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் அவசரச் சட்டத்துக்கு, நாடாளுமன்றச் சட்டத்துக்கு உள்ள அதே வலு உண்டு. நிர்வாக ஆணைக்கு நெருங்கிய சொந்தம் என்றால், ஜி.ஓ. எனும் அரசாணைதான்.

‘சட்டம் இல்லைன்னா கவலை இல்லை’ என்றும் விட்டுவிட முடியாது. 1942-ல் ரூஸ்வெல்ட் போட்ட 9066-ம் எண் ஆணையால், ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். 1948-ல் ராணுவத்தில் இனப் பாகுபாட்டை முடிவுக்குக் கொண்டுவந்ததும் ட்ரூமனின் ஆணைதான். அதே ட்ரூமன் 1952-ல் எஃகு ஆலைகளை அரசு வசம் எடுக்க ஆணையிட்டபோது, ‘உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை’ என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது.

2025 ஜனவரி 20-ல் பிறப்புரிமைக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் ஆணையில் ட்ரம்ப் கையெழுத்திட்டார். ஹெச்1பி விசாவில் இருக்கும் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தைகளும் அதன் வரம்புக்குள் வந்தார்கள். மூன்றே நாளில் சியாட்டில் நீதிபதி ஒருவர் அதற்குத் தற்காலிகத் தடை விதித்தார். அந்த ஆணையை ‘சட்டம்’ என்று படித்த கர்ப்பிணிக்கு அந்த மூன்று நாள் எப்படி இருந்திருக்கும்?

அதனால்தான் ஊடகங்கள் ‘சட்டம்’ என்ற சொல்லைக் கைவிட்டு, ‘நிர்வாக ஆணை’ என்றே எழுத வேண்டும் என்கிறேன். வாசகர்களும் தலைப்பைப் பார்த்ததும் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த அதிகாரத்தில் போட்டார்? எப்போது அமலுக்கு வருகிறது? நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறதா? பதில் தெரிந்த பிறகு ஃபார்வர்டு பண்ணலாம்.