ரீஃபண்ட் ஏன் வரலை? பதில் உங்கள் லாகினுக்குள் இருக்கு, லிங்க்கில் இல்லை!

ஐடிஆர் போட்டாச்சு, இ-வெரிஃபையும் பண்ணியாச்சு. டிசம்பர் கடைசி வாரம் வந்தும் ரீஃபண்ட் மட்டும் வரலை. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் வாடகைக்கு இருந்துகொண்டு மஹிந்திரா சிட்டிக்கும் சிறுசேரிக்கும் வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு 2025-ல் இதுதான் கதை. போதாக்குறைக்கு, 'உங்கள் ரீஃபண்ட் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, டிசம்பர் 31-க்குள் ரிட்டர்னைத் திருத்துங்கள்' என்று வருமான வரித்துறையிடமிருந்தே எஸ்எம்எஸ், இமெயில் வருகிறது.

இந்த நேரத்தில் இரண்டு தப்பு நடக்கலாம். ஒன்று, பதற்றத்தில் போலி லிங்க்கை அழுத்துவது. இன்னொன்று, 'காசு வந்தா போதும்' என்று நியாயமான கழிவையும் விட்டுக்கொடுத்து ரிட்டர்னைத் திருத்துவது. இரண்டுமே தேவையில்லை.

இந்த முறை ஏன் இவ்வளவு தாமதம்?

2025 ஜூலை 14-ம் தேதி நாடு முழுவதும் 150 இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. இலக்கு, பொய்க் கழிவு காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் இடைத்தரகர்கள். முன்கூட்டியே தகவல் திரட்டப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. வாடகைப்படி, கட்சி நன்கொடை, கல்விக் கடன் வட்டி, மருத்துவக் காப்பீடு என எதையாவது போட்டு ரீஃபண்டை ஏற்றுவதும், கமிஷன் வாங்குவதும் இவர்கள் வேலை. மொத்தமாக ரிட்டர்ன் போட தற்காலிக இமெயில் ஐடி உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். பிறகு வரும் நோட்டீஸை யாருமே படிப்பதில்லை.

அதன் தொடர்ச்சிதான் இப்போதைய வடிகட்டல். சந்தேகத்துக்குரிய, பெரிய தொகை ரீஃபண்டுகளை ஆராய்வதால்தான் தாமதம் என்று நேரடி வரிகள் வாரியத் தலைவர் ரவி அகர்வால் நவம்பரில் விளக்கினார். டிசம்பரில் மெசேஜ்கள் பறந்தன. நடப்பு மதிப்பீட்டு ஆண்டுக்கு மட்டும் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ரிட்டர்ன்கள் திருத்தப்பட்டுவிட்டதாக டிசம்பர் 23-ல் வாரியம் சொன்னது.

நம்ம ஏரியாவில் எங்கே இடிக்கும்?

பலருக்கு வந்த இமெயில் சொல்லும் காரணம்: ஃபார்ம் 16-ல் இருப்பதைவிட ரிட்டர்னில் அதிகக் கழிவு காட்டியிருக்கிறீர்கள். இது எல்லாமே மோசடி இல்லை. ஜனவரியில் ஆபீஸ் கேட்டபோது வாடகை ரசீதைக் கொடுக்க மறந்துவிட்டு, பிறகு ரிட்டர்னில் கழிவு கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வித்தியாசமாகத்தான் தெரியும்.

பழைய வரி முறையில் வாடகைப்படி கேட்டவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தாவில் வீடு இருந்தால் சம்பளத்தில் 50%, மற்ற ஊர்களில் 40% என்பது உச்சவரம்பு. வண்டலூர் இருப்பது சென்னை மாநகராட்சிக்குள் அல்ல, செங்கல்பட்டு மாவட்டத்தில். 50% கணக்குப் போட்டிருந்தால் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு ஓனரின் பான் எண்ணும் தேவை.

உங்கள் காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மெசேஜில் உள்ள லிங்க் வேண்டாம். பிரவுசரில் நீங்களே 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று டைப் செய்து லாகின் பண்ணுங்கள். பிறகு வரிசையாகப் பாருங்கள்:

• இ-வெரிஃபை ஆகியிருக்கிறதா? ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் முடித்திருக்க வேண்டும்.

• வங்கிக் கணக்கு வேலிடேட் ஆகியிருக்கிறதா? பெயர் அல்லது ஐஎஃப்எஸ்சி பொருந்தாவிட்டால் பணம் திரும்பிப் போகும். கணக்கைச் சரிசெய்து 'ரீஃபண்ட் ரீஇஷ்யூ' கேட்கலாம்.

• பான்-ஆதார் இணைப்பு இருக்கிறதா? பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்டும் வராது, தாமதத்துக்கான வட்டியும் கிடைக்காது.

• பழைய வரி பாக்கி இருக்கிறதா? பிரிவு 245-ன்படி ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு முன் வரும் அறிவிப்புக்கு 21 நாளில் பதில் தர வேண்டும்.

• 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பகுதியில் ஏதாவது காத்திருக்கிறதா? கழிவை மாற்றப்போவதாக 143(1)(ஏ) அறிவிப்பு வந்திருந்தால் 30 நாள் அவகாசம்.

எதுவுமே இல்லை, 'அண்டர் பிராசஸிங்' என்று மட்டும் இருக்கிறதா? அப்படியானால் காத்திருப்பதுதான் வழி. 2025-ல் போட்ட ரிட்டர்னைப் பரிசீலிக்க சட்டப்படி 2026 டிசம்பர் 31 வரை துறைக்கு நேரம் இருக்கு. கடைசித் தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1 முதல் மாதம் 0.5% வட்டி உண்டு. 60,000 ரூபாய் வரவேண்டியிருந்தால் மாதம் 300 ரூபாய். ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10%-க்கும் குறைவு என்றால் வட்டி கிடையாது. வரும் வட்டிக்கும் வரி உண்டு.

திருத்தணுமா, வேண்டாமா?

கழிவு பொய் என்றால், அல்லது ஏஜென்ட் என்ன போட்டார் என்றே தெரியாது என்றால், டிசம்பர் 31-க்குள் திருத்துங்கள். அதன்பிறகு அப்டேட்டட் ரிட்டர்ன் போடலாம், ஆனால் கூடுதலாகக் கட்டவேண்டிய வரிக்கும் வட்டிக்கும் மேல் குறைந்தது 25% தண்டம்.

கழிவு உண்மை, ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் கையில் இருக்கிறது என்றால், எதுவும் செய்ய வேண்டியதில்லை. இதை வாரியமே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சீக்கிரம் பணம் வரும் என்று உங்கள் உரிமையை நீங்களே வெட்டிக்கொள்ளாதீர்கள். ஆதாரங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள், போதும்.

போலி மெசேஜை எப்படி அடையாளம் காண்பது?

'15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது, கணக்கு எண்ணைச் சரிபாருங்கள்' என்று 2023-ல் சுற்றிய மெசேஜைப் போலி என்று பிஐபி ஃபேக்ட் செக் அறிவித்தது. பாணி இன்றும் அதேதான்: சரியான ஒரு தொகை, ஒரு லிங்க், ஒரு அவசரம். ரீஃபண்ட் தருவதற்காக துறை ஓடிபி, பின், கார்டு எண் கேட்காது. ஏபிகே ஃபைல் வந்தால் இன்ஸ்டால் பண்ணாதீர்கள்.

நோட்டீஸ் வந்தால் அதில் உள்ள ஆவண அடையாள எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபர் முதல் இது கட்டாயம். லாகின் இல்லாமலே போர்ட்டல் முகப்பில் சரிபார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 103 0025-க்குப் பேசுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. முதல் ஒரு மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்கி நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

துறைக்கும் ஒரு கேள்வி

பொய்க் கழிவைப் பிடிப்பது சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கழிவில், எவ்வளவு தொகையில் வித்தியாசம் என்று சொல்லாமல் 'திருத்துங்கள்' என்று மட்டும் மெசேஜ் அனுப்பினால் ஒழுங்காக வரி கட்டுகிறவருக்கும் பயம்தான் மிஞ்சும். உண்மையான மெசேஜே இவ்வளவு மொட்டையாக இருந்தால், போலி மெசேஜ் அனுப்புகிறவனுக்கு வேலை சுலபம்.

நம் சம்பளத்தில் டிடிஎஸ் பிடிக்கும்போது எந்த மாதம், எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு இருக்கு. திருப்பித் தராமல் நிறுத்தும்போதும் அதே சுத்தம் வேண்டும். ஒவ்வொருவர் லாகினிலும் 'உங்கள் ரீஃபண்ட் நிற்பது இந்த வரியால், இந்தத் தொகையால்' என்று ஒரே ஒரு வாக்கியம் காட்டினால் போதும். அதுவரை, மெசேஜைப் படியுங்கள். பதிலை மட்டும் போர்ட்டலில் தேடுங்கள்.