ஊரும் வரட்டும் அந்த நாளுக்கு



பொறியியல் கல்லூரிகளில் இது சிம்போசியம் பருவம். வீட்டில் பொறியியல் படிக்கிற பிள்ளை இருந்தால் சொல்லவே வேண்டாம். கூடத்து மூலையில் ஒயரும் பேட்டரியும் இறைந்து கிடக்கும். பெருக்கப் போனால், “அம்மா, அதைத் தொடாதீங்க, கனெக்‌ஷன் கழண்டுடும்” என்று உள்ளிருந்து குரல் வரும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கு எரியும். எல்லாம் ஒரே ஒரு நாளுக்காக. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் பேசத் தனி உரிமை உண்டு. சிதம்பரத்தில் 1920-இல் ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார், 1929-இல் அதையே அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்த்தெடுத்தார். தமிழும் இசையும் செழித்த அந்த வளாகத்தில் 1945-இல் பொறியியலும் வந்து சேர்ந்தது. நாடு விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, நெல் வயல்களுக்கு நடுவே, சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று சொல்லிக்கொடுக்க ஓர் இடம் கிடைத்தது. 2013-இல் தனிச் சட்டம் இயற்றி, பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை அரசே ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் பண்ருட்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி. இவை போதாதென்று தனியார் கல்லூரிகள். ஆக, நம் மாவட்டத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை.

சிம்போசியம் நாளின் நடைமுறை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். காலையில் வாசலில் கோலம், சந்தனம், கற்கண்டு. பதிவு மேசையில் வரிசை. வெளியூர்க் கல்லூரிகளிலிருந்து ‘ஓடி’ (ஆன் டூட்டி அனுமதி) வாங்கிக்கொண்டு வந்த மாணவர்கள் கையில் சாப்பாட்டு டோக்கனோடு எந்த அரங்கில் என்ன போட்டி என்று தேடி அலைவார்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, பொன்னாடை, சிறப்பு விருந்தினர் உரை. அதன்பிறகு பேப்பர் பிரசன்டேஷன் ஒரு பக்கம், க்விஸ் ஒரு பக்கம், வேண்டுமென்றே பிழையோடு கொடுத்த சர்க்யூட்டைச் சரிசெய்யும் போட்டி இன்னொரு பக்கம். சாயங்காலம் பரிசளிப்பு, சான்றிதழ், குரூப் போட்டோ.

இந்த விழாவை முழுக்க நடத்துவது மாணவர்களே. யாரை அழைப்பது, சாப்பாடு எத்தனை பேருக்குச் சொல்வது, கரண்ட் போனால் என்ன செய்வது, நடுவர் வரத் தாமதமானால் அரங்கில் இருப்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்று இருபது வயதுப் பிள்ளைகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். நாளை ஒரு வேலைத்தளத்தில் நிற்கும்போது தேவைப்படப் போகும் படிப்பு இது. எந்தத் தேர்விலும் இதற்கு மதிப்பெண் கிடையாது. அதனாலேயே இதைப் பாராட்ட வேண்டிய பொறுப்பு நம்முடையது.

சிவில் துறைகளில் அடிக்கடி நடக்கும் ஒரு போட்டியைச் சொல்கிறேன். ஐஸ்கிரீம் குச்சியும் பசையும் மட்டும் கொண்டு பாலம் கட்ட வேண்டும். இரண்டு மேசைகளுக்கு நடுவே அதை வைத்து, மையத்தில் வாளியைத் தொங்கவிட்டு, மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார்கள். முதலில் ஒன்றும் நடக்காது. மணல் ஏற ஏற எங்கோ ஒரு முனகல் சத்தம். கட்டியவர்கள் குனிந்து எந்த இடம் என்று பார்ப்பார்கள். இன்னும் ஒரு கரண்டி. படீரென்று பாலம் மடங்கி, வாளி தரையில் விழும். சிதறியதைப் பொறுக்கிப் பார்த்தால் பெரும்பாலும் குச்சி முறிந்திருக்காது, ஒட்டிய மூட்டுதான் விட்டிருக்கும். நாற்கரமாகக் கட்டிய சட்டம் தள்ளிய பக்கம் சாயும், முக்கோணமாகக் கட்டியது தன் வடிவத்தை விடாது என்பதும் அப்போது கண்ணெதிரே தெரிந்துவிடும். பாலம் எவ்வளவு தாங்கியது என்பதோடு, தன் எடையைப் போல எத்தனை மடங்கு தாங்கியது என்றும் கணக்குப் பார்த்துத்தான் பரிசு கொடுப்பார்கள். குறைந்த பொருளில் நிறைந்த பலம். பொறியியலின் சாரத்தை ஒரு வாளி மணல் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இவ்வளவு நல்ல நாள் காம்பவுண்டு சுவருக்குள்ளேயே தொடங்கி அதற்குள்ளேயே முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் ஆதங்கம். பார்க்க வருபவர்களும் பொறியியல் மாணவர்கள். மதிப்பிடுபவர்களும் பொறியியல் பேராசிரியர்கள். பேப்பர் பிரசன்டேஷனில் உலகத்துப் பிரச்சினைகள் எல்லாம் திரையில் ஓடுகின்றன, வளாகத்திலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஊரின் பிரச்சினை ஒன்றுகூட வருவதில்லை. சான்றிதழ் கோப்பில் ஏறுகிறது, செய்த கருவி மேசைக்கு அடியில் தூசி படிகிறது. இந்த நாளுக்கு ஊரையும் அழைக்க வேண்டும், ஊரின் கேள்விகளையும் அழைக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

கேள்விகளுக்கா நம் மாவட்டத்தில் குறைச்சல்? 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல். 2015-இல் ஊரையே புரட்டிப்போட்ட வெள்ளம். தென்பெண்ணை, கெடிலம், வெள்ளாறு, கொள்ளிடம் என்று எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் நம் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. வாய்க்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், கலெக்டர் ஆபீஸில் எச்சரிக்கை வந்தால் அது கடைசி வீட்டுக்கு எத்தனை நிமிடத்தில் போய்ச் சேரும் என்பதெல்லாம் போட்டிக்கு வைக்க வேண்டிய கணக்குகள் அல்லவா?

வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். சோழர் காலத்தில் வெட்டிய ஏரி. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. முழுக் கொள்ளளவை எட்டும்போது நீர்மட்டம் 47.5 அடி. காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் வட்டாரத்து வயல்களுக்கும் அதே ஏரி, 2004 முதல் குழாய் வழியே சென்னையின் தாகத்துக்கும் அதே ஏரி. வண்டல் சேரச் சேரக் கொள்ளளவு சுருங்குகிறது. எங்கே எவ்வளவு வண்டல் என்பதைக் குறைந்த செலவில் அளந்து காட்ட ஒரு சிறு படகையும் ஒலியலைக் கருவியையும் மாணவர்களால் தயாரிக்க முடியாதா? முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்திருக்கிறீர்களா? கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை அரித்து, விரல்கள் கறுத்துப்போயிருக்கும். பெரிய ஆலைகளுக்கு இயந்திரம் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோ கணக்குக்குக் கூலி வாங்கும் பெண்ணுக்குக் கட்டுப்படியாகும் விலையில், கையில் எண்ணெய் படாத ஒரு கருவி வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் எடுத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்கும் பெண்களுக்கு, மதிய வெயிலிலும் மீன் கெடாத, தலையில் தூக்கக்கூடிய எடையில் ஒரு கூடை வேண்டும். இப்படி ஒரு கேள்வியைக் கொடுத்து, அந்தப் பெண்களையே நடுவர்களாக உட்கார வைத்துப் பாருங்கள். “கைப்பிடி வழுக்குதுப்பா”, “இதைத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல எப்படி ஏறுறது?” என்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஈடான வைவா எந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

ஊர் வந்தால் ஊருக்கும் லாபம். கான்கிரீட் கட்டிகளை நசுக்கிப் பார்க்கும் இயந்திரம் சிவில் ஆய்வகங்களில் இருக்கிறது. 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டியை வார்த்து, 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, அதில் வைத்து அழுத்துவார்கள். வீடு கட்டப் பரவலாகப் பயன்படும் எம்-20 தரம் என்றால், அந்தச் சின்னக் கட்டி சுமார் 45 டன் தாங்க வேண்டும். நம் கொத்தனார்களையும் சென்ட்ரிங் ஆட்களையும் அன்றைக்கு அழைத்து, ஒரே சிமென்ட், ஒரே மணல், ஒரே ஜல்லியில் செய்த இரண்டு கட்டிகளை நசுக்கிக் காட்டலாம். ஒன்று அளந்து தண்ணீர் விட்டது. மற்றொன்று கலவை இளக்கமாக வரட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியது. கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, உள்ளே நுண்ணிய துளைகளை விட்டுவிட்டுப் போகிறது. அதனால் இரண்டாவது கட்டி முன்னதாகவே நொறுங்கும். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்கட்டும். நூறு சுவரொட்டி செய்யாத வேலையை அந்த ஒரு காட்சி செய்யும். பதிலுக்கு, முப்பது வருடம் கரண்டி பிடித்தவரிடம் மாணவர்கள் கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்வரிசையில் இடம் வேண்டும். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். கடலூரும் விழுப்புரமும் 1993 வரை தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டம். டிப்ளமோவில் தொடங்கிப் படிப்படியாக மேலே போனவர் அவர். 2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி நிலவில் லேண்டர் இறங்கியபோது நாம் எல்லோரும் கைதட்டினோம். அப்படி இன்னொருவர் இப்போது கிள்ளையிலோ புவனகிரியிலோ எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைத் தானே உணர்ந்து வளைந்து வளைந்து ஓடும் சின்ன ரோபோவைப் பக்கத்தில் நின்று பார்க்க அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்பு கிடைக்க வேண்டும். “இதுக்கு எப்படிண்ணா கோடு தெரியுது?” என்று கேட்க வேண்டும். கறுப்பு ஒளியை விழுங்கிவிடும், வெள்ளை திருப்பி அனுப்பும், அந்த வித்தியாசத்தை அடியில் இருக்கும் சென்சார் பிடித்துக்கொள்கிறது என்று அந்த அண்ணன் எளிய தமிழில் சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்ல முடிந்தால்தான் தனக்கும் புரிந்திருக்கிறது என்பதை அந்த அண்ணனும் தெரிந்துகொள்வான்.

செப்டம்பர் 15-ஆம் தேதியை நாம் பொறியாளர் தினமாகக் கொண்டாடுகிறோம். விஸ்வேஸ்வரய்யா பிறந்த நாள். 1908-இல் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாத்தைச் சீரழித்தபோது, மறுபடி அப்படி நடக்காமல் காக்க வழி சொல்ல அழைக்கப்பட்டவர் அவர். அவர் யோசனையின் பயனாக உருவான உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் வெள்ளத்தைத் தடுத்ததோடு அந்த ஊருக்குக் குடிநீரும் தந்தன. அழிவைப் பார்த்துக் கலங்கி நின்றுவிடாமல், அதிலிருந்தே ஊருக்கு ஒரு நன்மையை உண்டாக்கியவருக்கு மாலை போட்டால் மட்டும் போதாது. அவர் செய்ததை நம் ஆறுகளுக்கும் நம் கரைக்கும் நாம் செய்ய வேண்டும்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சிம்போசியத்தில் ஒரே ஒரு போட்டியையாவது இந்த மாவட்டத்தின் பிரச்சினைக்கு ஒதுக்குங்கள். ஜெயித்த குழுவின் கருவியை அடுத்த ஆண்டு மாணவர்கள் மேலும் திருத்த ஏற்பாடு செய்யுங்கள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் காலமெல்லாம் உழைத்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கூப்பிட்டால் வருவார்கள்.

மாணவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் செய்யும் வேலை எங்களுக்குப் பெருமை. அதைக் காண எங்களையும் அழையுங்கள்.

வாசகர்களே, உங்கள் தெருவில், வயலில், கடையில், படகில் ஒரு பொறியாளர் தீர்த்துவைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கும் பிரச்சினையை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். தேர்ந்தெடுத்தவற்றை இந்த இதழில் வெளியிட்டு, மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும் அனுப்பி வைக்கிறோம். 2029-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு நூறு வயது நிறைகிறது. அதற்குள் நம் ஊர்க் கேள்விகளில் நான்கைந்துக்காவது நம் பிள்ளைகளின் கையால் விடை கிடைத்துவிட்டால், நூற்றாண்டு விழாவில் நாமும் விருந்தினர்களாக நிமிர்ந்து உட்காரலாம். கடிதங்களை எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்