பெயரில்லாத மஞ்சள் மகிழுந்து



உள்ளங்கைக்குள் அடங்கும் மஞ்சள் நிற விளையாட்டு மகிழுந்து ஒன்றைப் பற்றிய பதிவு இது. பக்கவாட்டிலிருந்து கைகளை இழுத்து, கால்களை நீட்டி, தலையை நிமிர்த்தினால் அது இயந்திர மனிதனாக மாறிவிடும். 'இதில் என்ன புதுமை? இப்படி நூறு பொம்மைகள் உண்டே!' என்று நீங்கள் கேட்கலாம். புதுமை பொம்மையில் இல்லை. 1984ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடைகளில் விற்கப்பட்டபோது அதற்கென்று ஒரு பெயர் இல்லை, கதையும் இல்லை. அதன் உடன்பிறப்புகள் அனைத்திற்கும் இவ்விரண்டும் இருந்தன. இது மட்டும் இன்னொரு மகிழுந்தின் பெயர் அச்சிட்ட அட்டையில் அமர்ந்து விற்பனைக்கு வந்தது.

இந்தச் சின்னஞ்சிறு பொம்மைக்கும் நம் பிள்ளைகளின் கட்டுரை ஏட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு என்பது என் கருத்து. அதை விளக்க, முதலில் பொம்மையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

பொம்மை பிறந்த கதை

சப்பான் நாட்டின் தக்காரா நிறுவனம் 1983இல் 'மைக்ரோ சேஞ்ச்' என்னும் விளையாட்டுப் பொருள் வரிசையை வெளியிட்டது. வீட்டில் கிடக்கும் பொருள்களின் வடிவில் இயந்திர மனிதர்கள் மறைந்திருக்கிறார்கள் என்பதே அதன் கற்பனை. ஒலிநாடா, கைத்துப்பாக்கி, நுண்ணோக்கி எனப் பல வடிவங்கள் அதில் இருந்தன. சிறிய மகிழுந்துகளும் இருந்தன. அவை உண்மையான மகிழுந்தைச் சுருக்கிச் செய்தவை போல் இரா. விளையாட்டு மகிழுந்துகளைப் போலவே குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கும். காரணம், அங்கே இயந்திர மனிதன் மறைந்திருப்பதே ஒரு பொம்மைக்குள்தான்! என்ன அழகான கற்பனை, பாருங்கள்.

அவ்வரிசையில் ஒன்று வோல்க்ஸ்வேகன் 'வண்டு' வடிவம். இன்னொன்று போர்ஷே. மற்றொன்று மாஸ்டா நிறுவனத்தின் 'ஃபமிலியா'. இந்த ஃபமிலியா 1980ஆம் ஆண்டு சப்பானின் சிறந்த மகிழுந்தாகத் தேர்வு பெற்ற வண்டி. வெளிநாடுகளில் மாஸ்டா 323 என்ற பெயரில் விற்பனையானது. நம் நாட்டுச் சாலைகளில் அதனைக் கண்ட பெற்றோர் பலர் இருப்பீர்கள்.

அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் தக்காராவின் இப்பொம்மைகளைப் பெற்று, 1984இல் 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்ற புதுப்பெயரில் விற்றது. ஆனால், வெறும் பொம்மைகளாக விற்கவில்லை. மார்வல் சித்திரக்கதை நிறுவனத்தில் பணியாற்றிய பாப் புடியான்ஸ்கியிடம் பெயர் சூட்டும் பணி வந்தது. பெரும்பாலான பொம்மைகளுக்கு அவரே பெயர் வைத்தார், குணநலன்களையும் எழுதினார். வண்டு வடிவம் 'பம்பள்பீ' ஆயிற்று. போர்ஷே 'கிளிஃப்ஜம்பர்' ஆயிற்று. அட்டையின் பின்புறத்தில் அப்பொம்மை செய்யும் பணி, அது அடிக்கடி சொல்லும் வாசகம், அதன் இயல்பு, அதன் பலவீனம் ஆகியவை இருந்தன. வலிமை, அறிவு, வேகம், துணிவு போன்றவற்றிற்கு 10க்கு இவ்வளவு என்று புள்ளிகளும் இருந்தன. உடன் வரும் சிவப்புக் கண்ணாடித்தாளை வைத்துப் பார்த்தால்தான் அப்புள்ளிகள் தெளிவாகத் தெரியும்.

மாஸ்டா ஃபமிலியாவுக்கு மட்டும் இவற்றுள் எதுவும் கிட்டவில்லை. அட்டையில் இருந்த படம் வேறு. உள்ளே இருந்த பொம்மை வேறு. பின்னாளில் ஆர்வலர்களும் சேகரிப்பாளர்களும் அதற்குத் தாமே ஒரு பெயர் வைத்தனர். பம்பள்பீயையும் கிளிஃப்ஜம்பரையும் இணைத்து 'பம்பள்ஜம்பர்' என்றழைத்தனர். பல்லாண்டுகள் கழிந்தபின், அதிகாரபூர்வப் படைப்புகளிலும் 'பம்பர்' என்ற பெயருடன் அது இடம்பெற்றது. நிறுவனம் பெயரிட மறந்த பொம்மைக்கு, அதனை நேசித்தவர்கள் பெயரிட்டார்கள்.

கதை விற்பனைக்கா, கல்விக்கா?

அதே 1984ஆம் ஆண்டில்தான் அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம், தொலைக்காட்சி விளம்பர நேரத்திற்கு இருந்த வரம்பை நீக்கியது. பொம்மைகளையே நாயகர்களாகக் கொண்ட கேலிச்சித்திரத் தொடர்கள் பெருகின. 'அரைமணி நேர விளம்பரத்திற்குக் கதை என்று பெயரா?' என்பதே அன்று எழுந்த கண்டனத்தின் சாரம். பெக்கி சேரன் என்னும் அம்மையார் தோற்றுவித்த பெற்றோர் இயக்கம் இடைவிடாது குரல் கொடுத்தது. 1990இல் சிறுவர் தொலைக்காட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. சிறுவர் நிகழ்ச்சிகளில் விளம்பரம் வார இறுதியில் மணிக்கு பத்தரை நிமிடத்தையும், வார நாள்களில் 12 நிமிடத்தையும் தாண்டக்கூடாது என அது வரையறுத்தது.

அந்தப் பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆயினும், ஆசிரியர் என்ற முறையில் நான் இன்னொரு பக்கத்தையும் பார்க்கிறேன். நூலைத் தொடாத சிறுவன்கூட அட்டையின் பின்புறத்தை வரி விடாமல் வாசிப்பான். ஏனெனில், அது தன் கையில் இருக்கும் பொருளைப் பற்றிய எழுத்து. ஆகவே, ஆயத்தக் கதை தீதன்று. அது வாசிப்புக்கு நல்லது. எழுத்துக்கோ அது போதாது. எல்லாம் சொல்லப்பட்டுவிட்ட இடத்தில் பிள்ளை சொல்வதற்கு என்ன இருக்கிறது? பெயரில்லாத மஞ்சள் மகிழுந்துதான் 'நீ சொல்' என்று கேட்கிறது.

நம் வகுப்பறையில்...

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். தன்கதைக் கட்டுரை நமக்குப் புதிதன்று. 'நான் ஒரு மிதிவண்டி', 'நான் ஒரு புத்தகப்பை' என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். திருத்தும்போது என்ன காண்கிறோம்? மிதிவண்டி தொழிற்சாலையில் பிறக்கிறது, கடைக்கு வருகிறது, நல்ல எசமானரை அடைகிறது, பழுதடைந்து கொட்டகையில் கிடந்து கண்ணீர் வடிக்கிறது. புத்தகப்பைக்கும் இதே வாழ்க்கை. குடைக்கும் இதே வாழ்க்கை! பெயர்ச்சொல்லை மட்டும் மாற்றினால் போதும், கட்டுரை ஆயத்தம். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது. தேர்வு போயிற்று, மனனம் போகவில்லை.

மாதிரிக் கட்டுரையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மொழிவளம் குன்றிய மாணவனுக்கு ஊன்றுகோல் தேவை. 'மாதிரியைக் கொடுக்காவிட்டால் என் மகன் ஒரு வரியும் எழுதமாட்டான்' என்று கூறும் தாயின் அச்சமும் எனக்குப் புரிகிறது. ஆனால், நடை பழகிய பின்னும் ஊன்றுகோலை நாமே கையில் திணித்தால், கால் எப்போது உரம் பெறும்? மனனம் செய்தவன் புள்ளிகள் பெறலாம். தன் மனத்தில் உள்ளதைத் தமிழில் சொல்ல முடியும் என்ற நம்பிக்கையை அவன் பெறமாட்டான். அந்த நம்பிக்கை இல்லாதவன், இடைநிலைப்பள்ளியில் தமிழைத் தேர்வுப்பாடமாக எடுக்க எப்படித் துணிவான்?

எனவே, ஓர் எளிய பயிற்சியை முன்வைக்கிறேன். வீட்டில் கிடக்கும் பழைய பொம்மை ஒன்றை எடுத்து வரச் சொல்லுங்கள். பொம்மை இல்லையேல் தீப்பெட்டியோ மைலோ டின்னோ போதும். அட்டை ஒன்றில் ஐந்து வரிகளை மட்டும் நிரப்பச் சொல்லுங்கள்:

1. இதன் பெயர் என்ன? ஏன் அந்தப் பெயர்?
2. இது என்ன வேலை செய்யும்?
3. இது அடிக்கடி சொல்லும் வாசகம் எது?
4. இது எதற்கு அஞ்சும்?
5. இதற்கு யாரைப் பிடிக்காது? ஏன்?

நான்காம், ஐந்தாம் கேள்விகளே முகாமையானவை. எந்த வழிகாட்டி நூலிலும் அவற்றுக்கு விடை கிடையாது. ஆண்டு 2 மாணவன் ஐந்து வரியோடு நிறுத்தட்டும். ஆண்டு 5 மாணவன் அவ்வைந்து வரியையும் ஐந்து பத்திகளாக வளர்க்கட்டும். முதல்முறை எழுதும்போது எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டாம். கதையைப் படித்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பிழைகளை மறுநாள் திருத்திக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, விலையுயர்ந்த பொம்மை வாங்கித் தருவது உங்கள் விருப்பம். ஆனால், அதன் பெயரையும் கதையையும் சேர்த்தே விலைக்கு வாங்கிவிடாதீர்கள். 'இவன் பெயர் என்னப்பா?' என்று பிள்ளையிடமே கேளுங்கள். விடை தமிழில் வரும்வரை பொறுத்திருங்கள். ஒரு நிமிடம் ஆகலாம். ஒரு நாளும் ஆகலாம். காத்திருப்பதும் கற்பித்தல்தான்.

சிந்திப்போம், செயல்படுவோம்.