பைங்கிளி என்னும் பட்டம்: மொழிச்சாயலை யாருக்கு மன்னிக்கிறோம்?

2025 ஜூலை 14 அன்று பெங்களூரு மல்லேஸ்வரத்தில் பி. சரோஜாதேவி மறைந்தபோது, 'கன்னடத்துப் பைங்கிளி' என்னும் தொடர் தமிழ் அஞ்சலிகளில் மீண்டும் ஒலித்தது. கன்னடர் அவருக்குச் சூட்டிய பட்டம் 'அபிநய சரஸ்வதி'. அது கலையைச் சுட்டுகிறது. தமிழ்ப் பட்டமோ பிறந்த நிலத்தையும் குரலையும் சுட்டுகிறது. இவ்வேறுபாடு மொழியியல் பயில்வோர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

1938இல் பிறந்த சரோஜாதேவி, 1955இல் 'மகாகவி காளிதாச' என்னும் கன்னடப் படத்தின் வழியே அறியப்பட்டார். 'நாடோடி மன்னன்' (1958), 'கல்யாண பரிசு' (1959) ஆகியவை அவரைத் தமிழில் நிலைநிறுத்தின. 1961இல் 'கித்தூர் சென்னம்மா'வாகக் கன்னடத் திரையில் வாழ்ந்தார். தெலுங்கு, இந்திப் படங்களிலும் நடித்தார். நான்கு மொழிகளில் இயங்கிய கலைஞர் ஒருவரைக் கிளி என்பது அன்பின் வெளிப்பாடுதான். எனினும், கிளி பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்லும் பறவை என்பதையும் மறத்தற்கில்லை.

'புதிய பறவை' (1964) படத்தில் 'கோபால்' என்று அவர் நீட்டி அழைத்த குரலைப் பலகுரல் கலைஞர்கள் இன்றும் போலி செய்கின்றனர். அப்படத்தின் நாயகி ஏன் அவ்வாறு பேசுகிறாள் என்பதற்குக் கதை விளக்கம் தரவில்லை, பார்வையாளரும் கேட்கவில்லை. தாய்மொழியின் ஒலியமைப்பு பிற்காலத்தில் கற்ற மொழியில் பதிவது இயல்பு. கன்னடம் ழகரத்தைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இழந்த மொழி. அதன் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடிபவை. இத்தகைய பதிவைக் குறை என்பது மொழியியல் அன்று, சமூகத் தீர்ப்பு.

ஜப்பானில் கொரிய வம்சாவளி நடிகர் பலர் நெடுங்காலம் ஜப்பானியப் பெயர்களுக்குள் தம் பிறப்பை மறைக்க வேண்டியிருந்தது. சரோஜாதேவிக்கு அந்நிலை நேரவில்லை. அவரது பிறப்பிடமே அணியாயிற்று. இது தமிழ்ச் சமூகம் பெருமைப்படத்தக்க செய்தி. ஆயினும், அப்பெருந்தன்மை புகழுக்கும் அழகுக்கும் மட்டுமே உரியதா? சென்னையில் வடமாநிலத் தொழிலாளி பேசும் தமிழ் நகைப்புக்குள்ளாகிறது. பெங்களூரில் தமிழ்க் கூலித் தொழிலாளி பேசும் கன்னடத்துக்கும் அதுவே நேர்கிறது. 1991 டிசம்பரில் காவிரிப் பிணக்கை ஒட்டி இந்நகரில் தமிழர்மீது வன்முறை பாய்ந்தபோது, நாவின் சாயல் வெறும் நகைப்புப் பொருளாக இருக்கவில்லை, அச்சத்தின் காரணமாயிற்று.

இன்று பிறமொழி நடிகையருக்குப் பெரும்பாலும் வேறொருவர் குரல் கொடுக்கிறார். உச்சரிப்புத் திருத்தமாகிறது, உண்மைதான். ஆனால், அயலார் நம் மொழியை முயன்று பேசும் ஓசையே திரையிலிருந்து நீங்குகிறது. அதைக் கேட்டுப் பழகாத செவி, தெருவில் கேட்கும்போது எள்ளத்தானே செய்யும்?

உச்சரிப்புத் திருத்தம் வேண்டாம் என்பதன்று என் வாதம். செய்தி வாசிப்பவருக்கும் ஆசிரியருக்கும் அது வேண்டும். பிழைப்புக்காக மொழி கற்பவரிடம் அதை நுழைவுச் சீட்டாகக் கேட்பதே தவறு. சரோஜாதேவியின் தமிழுக்கு நாம் காட்டிய செவியை, அவர் அளவு புகழ் இல்லாதவர்க்கும் காட்டுதல் வேண்டும்.