பாடக்குறிப்பில் இல்லாத ஒரு கட்டம்

பி.எட். மாணவாசிரியர் ஒருவரின் பாடக்குறிப்பேட்டைப் புரட்டினால் 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்ற கட்டம் எந்தப் பாடத்திலும் காலியாக இருக்காது. முன்பெல்லாம் அதில் வரைபடம், மின்னட்டை, மாதிரி உருவம் என்று எழுதினார்கள். இப்போது பவர்பாயிண்ட், யூடியூப் காணொலி, ஜியோஜீப்ரா, கியூஆர் கோடு என்று எழுதுகிறார்கள். பட்டியல் புதிதாகிவிட்டது. ஆனால் இந்தக் கருவி இந்தப் பாடத்துக்குள் ஏன் வந்தது, இது இல்லாமல் நடத்தினால் மாணவருக்கு எது கிடைக்காமல் போகும் என்று கேட்கும் கட்டம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வருங்கால ஆசிரியருக்கு டிஜிட்டல் கருவிகளைப் பயிற்றுவிப்பது பற்றிய பேச்சை அந்த இல்லாத கட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று இவ்விதழ் கருதுகிறது.

கருவிகள் பள்ளிக்கு வருமா என்ற கேள்வி தமிழ்நாட்டில் பழையதாகிவிட்டது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சாகியிருந்தது. கணித, அறிவியல் நூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதி படிப்படியான விளக்கத்தோடு இடம்பெற்றது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. ஹைடெக் லேப், தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, ஆசிரியர்களுக்கு டேப்லெட் என்று அரசின் செலவு தொடர்கிறது. ஆசிரியர் கல்வியும் சும்மா இருந்துவிடவில்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டாக்கியபோது, தகவல் தொடர்புத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு தனித்தாளும் பாடத்திட்டத்துக்குள் வந்தது. அந்தத் தாளை நாம் நடத்தும் விதத்தில்தான் சிக்கல் இருக்கிறது. பெரும்பாலும் அது கணினி ஆய்வகத்தில், கணினி தெரிந்த ஒருவர் பொறுப்பில், ஸ்லைடு செய்வது, கூகுள் படிவம் தயாரிப்பது, காணொலியை வெட்டி ஒட்டுவது என்று முடிந்துவிடுகிறது. கணிதம் கற்பித்தலும் அறிவியல் கற்பித்தலும் வேறு அறையில், வேறு பேராசிரியரிடம் நடக்கின்றன. இவை இரண்டையும் இணைக்கும் வேலையை மாணவாசிரியர் தலையிலேயே விட்டுவிடுகிறோம். அவர் இணைத்தாரா என்று சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

கருவி மட்டும் போய்ச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகில் போதுமான சான்று உண்டு. பெரு நாட்டில் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தை ஊரகப் பகுதியில் 319 பள்ளிகளில் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்றிருந்த நிலை, திட்டம் சேர்ந்த பள்ளிகளில் 1.18 ஆக உயர்ந்தது. கணிதத் தேர்விலும் மொழித் தேர்விலும் மதிப்பெண் உயர்ந்ததற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. பள்ளிகளில் கணினிக்குப் பெருந்தொகை செலவிட்ட நாடுகள் பிசா தேர்வின் வாசிப்பிலும் கணிதத்திலும் அறிவியலிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காட்டவில்லை என்று ஓஇசிடி அமைப்பு 2015இல் அறிக்கை தந்தது. இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, கருவியே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சிலர் சொல்லவும் செய்கிறார்கள். ஆனால் டெல்லியிலிருந்து வந்த சான்று வேறு கதை சொல்கிறது. 6 முதல் 9 வரை படிக்கும் 619 மாணவரிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு அது. நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37 திட்ட விலக்கமும் இந்தியில் 0.23 திட்ட விலக்கமும் முன்னேற்றம் கிடைத்தது. பள்ளிக்கல்வி ஆய்வுகளில் இது பெரிய அளவு. அங்கே 6ஆம் வகுப்பு மாணவர் சராசரியாகக் கணிதத்தில் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். மென்பொருள் ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. வகுப்புப் பாடநூலின் பக்க எண்ணிலிருந்து தொடங்கவில்லை. அதோடு, நாளொன்றுக்கு 90 நிமிடத்தில் பாதி நேரமே கணினிமுன் கழிந்தது. மறுபாதியில் 12 முதல் 15 பேர் கொண்ட சிறு குழுவாக ஒரு பயிற்றுநரோடு உட்கார்ந்தார்கள். பெருவுக்கும் டெல்லிக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு சாதனத்தின் தரத்தில் இல்லை. குழந்தையின் தற்போதைய புரிதல் என்ன என்ற கேள்வி ஓரிடத்தில் திட்டத்துக்குள்ளேயே இருந்தது, மற்ற இடத்தில் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்கும் இடம் கணினி ஆய்வகமா, பாடம் கற்பித்தல் வகுப்பா? பின்னதுதான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை. வழக்கமான முறையில் ஒரு காகித முக்கோணத்தின் மூன்று மூலைகளையும் கிழித்து ஒரு நேர்கோட்டில் அடுக்கிக் காட்டுவோம். நல்ல செயல்பாடு, கையால் செய்தது மறக்காது. ஆனால் மாணவர் பார்ப்பது தன் கையிலிருக்கும் ஒரே முக்கோணத்தை. ஜியோஜீப்ராவில் ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முக்கோணம் விரிகோணமாகிறது, செங்கோணமாகிறது, ஊசிபோல் ஒடுங்குகிறது. கோணங்கள் மூன்றும் மாறிக்கொண்டே இருக்கக் கூடுதல் மட்டும் அசையாமல் நிற்கிறது. மாறுகின்றவற்றுக்கு நடுவே மாறாத ஒன்று இருக்கிறது என்பதைக் காகிதத்தைவிடத் திரை நன்றாகக் காட்டும் இடம் இது. கருவி வரவேண்டியதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. இப்போது வகுப்பில் ஒரு மாணவி திரையில் இருக்கும் மூன்று எண்களையும் நோட்டில் எழுதிக் கூட்டுகிறாள். 61.23, 58.33, 60.43. கூட்டினால் 179.99. "180 வரலையே மிஸ்" என்கிறாள். மென்பொருள் உள்ளே 61.234, 58.334, 60.432 என்று வைத்துக்கொண்டு, திரையில் இரண்டு தசம இடத்துக்கு முழுமையாக்கிக் காட்டியிருக்கிறது. முழு எண்ணுக்கு முழுமையாக்கும்படி அமைத்திருந்தால் 59.6, 59.6, 60.8 என்ற கோணங்கள் 60, 60, 61 என்று தெரிந்து 181 என்றுகூட வரும். இந்த நொடியில் ஆசிரியருக்குத் தேவைப்படுவது மென்பொருளை இயக்கும் திறமை அன்று. முழுமையாக்கல் பிழையைப் பற்றிய கணித அறிவு வேண்டும். அளந்து பார்ப்பதும் நிரூபிப்பதும் வேறு வேறு என்று அந்தப் பெண்ணின் கேள்வியிலிருந்தே வகுப்பை நகர்த்தும் துணிவும் வேண்டும். அந்தக் கேள்வியை முன்கூட்டியே எதிர்பார்த்து வந்தவருக்கு அது பாடத்தின் உச்சம். எதிர்பாராமல் வந்தவர் "கம்ப்யூட்டர்ல சின்ன மிஸ்டேக்" என்று சொல்லி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார். ஜியோஜீப்ரா தெரியும் என்ற சான்றிதழ் அவரிடமும் இருக்கும்.

மின்சுற்றுப் பாடத்திலும் இதே நிலைதான். தொடரிணைப்பில் இருக்கும் இரண்டு ஒரே மாதிரி பல்புகளில் முதல் பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்கு அனுப்புகிறது என்று பல மாணவர்கள் நம்புகிறார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் பாவனையாக்கம் இந்த நம்பிக்கையை உடைக்கவல்லது. பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதை அது காட்டும். ஆனால் சுவிட்சைப் போடுவதற்கு முன் "எந்த பல்பு அதிகம் எரியும், கை தூக்குங்கள்" என்று கேட்டு, மூன்று விடைக்கும் கைகளை எண்ணிப் பலகையில் எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் ஓட்டினால் நீலப் புள்ளிகள் ஓடுவதை எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள். பழைய நம்பிக்கை அப்படியே தலைக்குள் இருக்கும்.

இந்த வகை அறிவுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. பாடத்தைப் பற்றிய அறிவும் கற்பித்தல் அறிவும் கலந்த ஒரு தனி அறிவு ஆசிரியருக்கு உண்டு என்று லீ ஷுல்மன் 1986இல் எழுதினார். அதில் தொழில்நுட்பத்தையும் சேர்த்து புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006இல் டிபேக் என்ற சட்டகத்தைத் தந்தார்கள். நம் கல்லூரிகளில் இதை எல்லாரும் கற்பிக்கிறோம்: மூன்று வட்டங்களை வரைந்து, வெட்டும் பகுதிகளுக்குப் பெயர் குறித்து, தேர்வில் விடை எழுத வைக்கிறோம். ஆனால் மாணவாசிரியரின் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் மற்ற எல்லா இடங்களிலும் வட்டங்கள் வெட்டிக்கொள்வதே இல்லை. ஒரு கருத்தாக்கத்தின் நடுப்பகுதியை அறிந்தவரை உருவாக்க வேண்டிய படிப்பு, அதன் படத்தை வரையத் தெரிந்தவரை உருவாக்கி அனுப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அடிப்படை இயக்கமே தெரியாதவர்களிடம் பாடத்தோடு பிணைத்துப் பேசி என்ன பயன், முதலில் கருவியைக் கையாளக் கற்றுக்கொடுக்க வேண்டாமா என்று தொழில்நுட்பத் தாளை நடத்தும் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புரொஜெக்டர் கேபிளை எங்கே செருகுவது என்று தெரியாமல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தை இழப்பவருக்கு அடுத்த எதுவும் கைகூடாது. தனித்தாளை நீக்கச் சொல்லவில்லை. அதற்குச் சில வாரங்கள் போதும் என்கிறேன். மீதி நேரத்தை அந்தப் பேராசிரியர் கணிதம் கற்பித்தல் வகுப்பிலும் வரலாறு கற்பித்தல் வகுப்பிலும் பாடப் பேராசிரியரோடு சேர்ந்து நின்று செலவிட வேண்டும். இயக்கத் தெரிந்தவருக்குக் கணிதத்தில் எந்த இடம் குழப்பும் என்பது தெரியாது. கணிதப் பேராசிரியருக்கு அது தெரியும், மென்பொருள் கைவராது. இருவரையும் ஒரே அறையில் நிறுத்தக் கால அட்டவணையை மாற்றினால் போதும், புதிய நிதி எதுவும் வேண்டியதில்லை.

இன்னொரு மறுப்பு கற்பித்தல் பயிற்சிப் பள்ளிகளிலிருந்து வருகிறது. இணையம் வருவதும் போவதுமாக இருக்கிறது, ஹைடெக் லேபில் வேறு வகுப்புக்குத் தேர்வு நடக்கிறது, பயிற்சிக்கு வந்த மாணவாசிரியருக்கு ஸ்மார்ட் போர்டின் சாவியே கிடைப்பதில்லை என்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்த நிலைமை என் வாதத்துக்கு வலுச் சேர்க்கவே செய்கிறது. இரண்டாம் ஆண்டின் 16 வாரப் பள்ளிப் பயிற்சியில் மதிப்பீட்டுக்கு வரும் நாளன்று மட்டும் மடிக்கணினியும் புரொஜெக்டரும் சுமந்துவந்து ஒரு காணொலியைக் காட்டிவிட்டுப் போகும் பழக்கம் ஏன் வந்தது? கருவி இருந்தால் மதிப்பெண், இல்லாவிட்டால் குறைவு என்று நாம் வைத்திருப்பதால் வந்தது. மதிப்பீட்டுத் தாளில் கருவியைப் பயன்படுத்தியதற்கு மதிப்பெண் இருக்கவே கூடாது. தேர்ந்தெடுத்ததற்கான காரணத்துக்கு இருக்கட்டும். "இந்தப் பாடத்துக்குத் திரை தேவையில்லை, இலையைக் கையில் கொடுத்து நரம்பமைப்பைத் தொட்டுப் பார்க்க வைத்தேன்" என்று எழுதும் மாணவாசிரியருக்கும் முழு மதிப்பெண் கிடைக்க வேண்டும். இணையம் இல்லாத பள்ளியில் ஃபெட் பாவனையாக்கத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வந்தவருக்கும் அப்படியே.

செயற்கை நுண்ணறிவு இந்தக் கேள்வியை இன்னும் அவசரமாக்கிவிட்டது. பாடக்குறிப்பையே அது எழுதித் தந்துவிடுகிறது. தலைப்பையும் வகுப்பையும் சொன்னால் கற்றல் விளைவுகள் முதல் வீட்டுப்பாடம் வரை ஒரு நிமிடத்தில் வந்து விழுகிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவரிடம் நடந்த ஆய்வு இங்கே நினைவில் கொள்ள வேண்டியது. சாட்ஜிபிடி போன்ற ஒரு கருவியைத் தடையின்றிக் கொடுத்தபோது கணிதப் பயிற்சிக் கணக்குகளில் மதிப்பெண் 48 சதவீதம் உயர்ந்தது. கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொட்டே பார்க்காத மாணவரைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கினார்கள். விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி, ஆசிரியர் உதவியோடு வடிவமைத்த இன்னொரு வடிவத்தில் இந்தப் பாதிப்பு பெரும்பாலும் மறைந்தது. மாணவாசிரியருக்கும் இது பொருந்தும் என்று நினைக்க எல்லாக் காரணமும் இருக்கிறது. பாடக்குறிப்பு எழுதுவது ஒரு படிவத்தை நிரப்புவது அன்று. நாளை வகுப்பில் எந்தக் கேள்வி வரும் என்று இன்று இரவு யோசித்துப் பார்ப்பது அது. அந்த யோசனையை இயந்திரத்திடம் விட்டவர் 179.99 என்ற கேள்வியின்முன் வெறுங்கையோடு நிற்பார். தடை போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இயந்திரம் தந்த பாடக்குறிப்பைக் கையில் கொடுத்து, இதில் மாணவர் எங்கே தடுமாறுவார், அதை இது கவனித்திருக்கிறதா என்று திருத்த வைப்பது நல்ல பயிற்சி. அதைச் செய்யவும் பாட அறிவுதான் வேண்டும்.

இவற்றைத் தொடங்கப் பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்தும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாடக்குறிப்பேட்டின் வடிவம் பெரும்பாலும் கல்லூரியின் கையில் இருக்கிறது. 'துணைக்கருவிகள்' கட்டத்தை அடுத்து மூன்று வரிக்கு இடம் விட்டு அச்சடிக்கலாம்: இந்தப் பாடத்தில் மாணவரிடம் நான் எதிர்பார்க்கும் தவறான புரிதல், இந்தக் கருவி அதை எப்படி வெளியே கொண்டுவரும், கருவி இயங்காவிட்டால் என்ன செய்வேன். வழிகாட்டி ஆசிரியர் வகுப்பைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் முதலில் இந்த மூன்று வரியைப் பற்றிப் பேசட்டும். செய்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர், குறிப்பேட்டில் எத்தனை ஸ்லைடு ஒட்டியிருக்கிறது என்று எண்ணுவதை விட்டு, ஏதாவது ஒரு பாடத்தைத் திறந்து இந்தக் கட்டத்தில் எழுதியிருப்பதற்கு விளக்கம் கேட்கட்டும். வரும் கல்வியாண்டில் இதை ஒரு துறையில் மட்டுமாவது நடத்திப் பார்க்கும் கல்லூரிகள், மாணவாசிரியர்கள் நிரப்பிய கட்டங்களின் நகல்களை இவ்விதழுக்கு அனுப்பினால், தேர்ந்தவற்றை அவற்றின் குறைகளோடும் வெளியிடுவோம்.