பெரியவரே! கையெழுத்துப் போடும் முன்...

பிக்பாக்கெட்காரன் பர்சைத்தான் அடிப்பான். புரியாமல் கையெழுத்துப் போட்ட பாலிசி, பாட்டியின் சங்கிலியை அடகுக்கடைக்கே அனுப்பிவிடும்!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. நல்ல திட்டம். ஆபரேஷன் முடிந்து கடன் இல்லாமல் வீடு திரும்பிய பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"5 லட்சம் பத்தலேன்னா என்ன பண்றது?" என்று பிள்ளைகளுக்குக் கவலை. அந்த நேரம் பார்த்து ஏஜெண்டு வருகிறார். "சூப்பர் டாப்-அப் போட்டுடுங்க சார். 5 லட்சத்துக்கு மேல நாங்க பாத்துக்கறோம். பிரிமியம் ரொம்பக் கம்மி!"

ஏன் கம்மி? யாராவது கேட்டோமா? முதல் 5 லட்சத்தைக் கம்பெனி தராது. அதனால்தான் கம்மி! 'டிடக்டிபிள்' என்று பாலிசியில் போட்டிருப்பது இதைத்தான்.

அந்த முதல் 5 லட்சத்தை அரசுக் கார்டு கட்டிவிடும் என்று நம்புகிறார்கள். இங்கேதான் பள்ளம். திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே கார்டு செல்லும்.

ராத்திரி 2 மணி. அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. அது திட்டத்தில் இல்லை. பில் 6 லட்சம். கார்டு அங்கே ஒரு பைசா தராது. டாப்-அப் கம்பெனி 1 லட்சம் தரும். மீதி 5 லட்சம் யார் தலையில்? மகன் தலையில்!

இன்னொரு கணக்கு. ஒரே வருடத்தில் மூன்று தடவை அட்மிஷன். தடவைக்கு 2 லட்சம், ஆக 6 லட்சம். வெறும் 'டாப்-அப்' ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை. கிடைப்பது சைபர்! 'சூப்பர் டாப்-அப்' வருடம் முழுதும் கூட்டிப் பார்க்கும். 1 லட்சம் வரும். ஒரே ஒரு வார்த்தை, லட்ச ரூபாய் வித்தியாசம்!

சர்க்கரை, பி.பி.யை மறைக்கவே மறைக்காதீர்கள். சொல்லி எழுதினால், பழைய நோய்க்கு அதிகபட்சம் 3 வருடம்தான் காக்க வைக்கலாம். இது 2024-ல் வந்த விதி. மறைத்து மாட்டினால் க்ளெய்மும் போச்சு, பாலிசியும் போச்சு.

டாப்-அப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முதல் 5 லட்சத்துக்கு வேறு பாலிசியோ, கையில் சேமிப்போ இருப்பவருக்கு அது நல்ல துணைதான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. எடுத்த பாலிசி சரிப்படவில்லையா? கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். கம்பெனியிடம் புகார் செய்தும் தீரவில்லையா? காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் ஆபீஸ் சென்னையிலேயே இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் காசு வேண்டாம்.

பாலிசியின் சுருக்கத் தாளைத் தமிழில் கேட்டால் கம்பெனி கொடுத்தாக வேண்டும். சரி, கேட்டால்தானா? கேட்கத் தெரியாத பாட்டி என்ன செய்வார்?

60 வயது தாண்டியவருக்கு விற்கும் டாப்-அப் பாலிசியில், முதல் பக்கத்திலேயே, கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில், தமிழில் ஒரு வரி போடட்டும்: 'முதல் 5 லட்சம் எங்கள் பொறுப்பல்ல.'

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போடுமா? அதுவரை, பெரியவரே, பேனாவைக் கீழே வையுங்கள். முதலில் கேள்வி, அப்புறம் கையெழுத்து!